ஔவை என்னும் பெயரும் கோவலூர் மணமும்

சங்கத்தொகை நூல்களைத் தொகுத்த சான்றோர் பெயரொப்புமையால் விளையும் இடர்ப்பாட்டை நன்கு உணர்ந்தவர். சாத்தன், பூதன், கண்ணன், கீரன் என்பன அக்காலத்துப் பலர்க்கும் பொதுவாய் வழங்கிய பெயர்கள். ஆதலின் அவர்கள் வெறும் பெயரோடு அமைந்திலர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என ஊரும் தொழிலும் கூட்டினர். உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், ஆலம்பேரிச் சாத்தனார் என வேறு பிரித்தனர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனத் தந்தையைச் சுட்டினர். கபிலரின் வேறாகத் தொல்கபிலர் என ஒருவரைக் காட்டினர். ஒக்கூர் மாசாத்தனாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் ஓரூரினர். பெயரின் ஈறு ஒன்றே அவரை வேறாக்குகின்றது. அவ்வளவு நுண்ணிதாகவும் அவர்கள் நோக்கியுள்ளனர்.

இத்துணைக் கவனத்திற்கு இடையே ஒரு பெயர் மட்டும் அடையின்றி நிற்பது வியப்பைத் தருகின்றது. ஔவையார் என்பதே அது. ஊரில்லை, தந்தை பெயரில்லை, தொழிலில்லை. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என 59 பாடல்கள் இப்பெயர்க்கீழ் உள்ளன. தொகுத்தோர்க்கு அடை வேண்டாதிருந்தமைக்குக் காரணம் வெளிப்படை. அவர்கள் அறிந்த அளவில் ஔவையார் ஒருவரே. பிரித்தறிதற்கு மற்றொருவர் இலர். பின்னர்த் தோன்றியோரும் அப்பெயரையே பூண்டபோதுதான் அவ்வடையின்மை பெரும் இழப்பாயிற்று. அவ்விழப்பு எத்தகையது, அஃது எவ்வழியாக நேர்ந்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

முதற்கண் பெயரை நோக்குவோம். ஔவை என்பது தாய், முதியவள் என்னும் பொருளில் வழங்கிய முறைப்பெயர். கன்னடத்தும் தெலுங்கினும் அவ்வை என்பதன் இனச்சொற்கள் தாயையும் பாட்டியையும் குறித்து வழங்குதலைக் காணலாம். இயற்பெயர் ஒருவர்க்கு உரியது. முறைப்பெயரோ மதிக்கத்தக்க முதுமகளிர் எவர்க்கும் உரியதாகும். ஆகவே கபிலர், நக்கீரர் என்னும் பெயர்களைப் பின்னோர் தாங்குதற்கும், ஔவை என்னும் பெயர் பின்னோர்மேற் சென்று படிதற்கும் வேறுபாடு உண்டு. முன்னையது பெயரிடுதல், பின்னையது ஊரார் அழைத்தல். அறிவும் மூப்பும் உடைய பெண்பாற் புலவர் எவர் தோன்றினும் மக்கள் அவரை ஔவை என்றே அழைத்திருத்தல் கூடும். அவருடைய இயற்பெயர் மறைந்தொழிதல் அதன் இயல்பான விளைவு.

ஆடவர் பெயர்களின் நிலை இதனின் வேறு. பதினோராந் திருமுறையில் கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார் என நால்வர் உளர். நான்கும் சங்கப் புலவர் பெயர்கள். இவர்களைச் சங்கப் புலவரின் வேறெனக் கொள்ளுதற்குத் தேவநாயனார் என்னும் அடை இன்று நமக்குக் கைகொடுக்கின்றது. ஆயின் தொகுத்தோர் அதனைப் பிரித்தறிதற்கு இட்டாரல்லர் என்பதை மறத்தலாகாது. நக்கீரதேவ நாயனார் பெயரில் அவர்கள் வைத்தவற்றுள் திருமுருகாற்றுப்படையும் ஒன்று; அது பத்துப்பாட்டின் முதற்பாட்டன்றோ? சுந்தரர் தொகையடியாராகப் போற்றிய பொய்யடிமை இல்லாத புலவர் என்பார் கபிலர், பரணர், நக்கீரர் முதலாய சங்கப்புலவர் நாற்பத்தொன்பதின்மரே என்று நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் விளக்கியதும் அந்நோக்கினதே. (சேக்கிழார் அவ்விடத்துப் புலவரின் பெயரையும் எண்ணையும் கூறாது கடந்து சென்றமை கருதத்தக்கது.) சங்கப் புலவரைச் சிவனடியாராகக் கொள்ளுதற்பொருட்டு இடப்பட்ட அடையே பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அவ்விரு திறத்தாரையும் பிரித்தற்குக் கருவியாயிற்று. ஔவையார்க்கு அத்தகைய நற்பேறும் வாய்த்திலது. அவர் பெயரில் வழங்கும் பிற்கால நூல்கள் எத்திருமுறையிலும் சேரவில்லை. திண்ணைப் பள்ளிகளின் ஏட்டுச் சுவடிகளிலும் சிறுவர் நாவிலும் அவை வாழ்ந்தன. அங்கே அடை கொடுத்துப் பிரிப்பார் எவருளர்?

இனிச் சங்ககால ஔவையாரை அவர்தம் பாடல்கள் வழியே காண்போம். அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களத்தில் அவர் நெடுங்காலம் இருந்தார். பகைவேந்தன் தம்மை விறலி என விளித்து, நும் நாட்டில் பொருநர் உளரோ என்று வினவியதாக அவர் பாடுகின்றார் (புறநானூறு 89). அங்கு அவ்விறலி அணிபூண்ட இளையவளாகவே காட்டப்படுகின்றாள். கோலூன்றிய மூதாட்டியாக அல்லள். தொண்டைமானிடம் தூது சென்றபோது அவன் படைக்கலக் கொட்டிலின் பொலிவைப் புகழ்வார்போற் பழித்தார் (95). அரிதிற் பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது தமக்கு ஈந்த அதியமானை வாழ்த்தினார் (91). அவன் இறந்தபின் பாடிய கையறுநிலைப் பாட்டில், கள் சிறிதாயின் தமக்கே ஈவான், பெரிதாயின் தாம் பாடத் தான் மகிழ்ந்துண்பான் என்று நினைந்து உருகுகின்றார் (235). அவன் மகன் பொகுட்டெழினியையும் நாஞ்சில் வள்ளுவனையும் பாடினார். சேர சோழ பாண்டியர் மூவரும் ஒருங்கிருந்தபோது அவர்களை ஒருசேர வாழ்த்திய பாட்டும் அவரது (367).

இவற்றோடு 26 அகப்பாடல்களையும் வைத்து நோக்க வேண்டும். பிரிவாற்றாத் தலைவி, தன் நோயறியாது உறங்கும் ஊரை முட்டுவேனோ தாக்குவேனோ என்று கதறும் குறுந்தொகை 28 ஆம் பாட்டை, நீதி கூறும் மூதாட்டியின் வாயில் வைத்துக் கற்பனை செய்தல் இயலுமா? இயலாமையினாலேயே போலும், நெடுங்காலம் அப்பாட்டு ஒருவர் நினைவிலும் இல்லாதொழிந்தது. புறநானூறு 1894 இல் உ. வே. சாமிநாதையரால் அச்சேறியது, நற்றிணையும் குறுந்தொகையும் 1915 இல் வெளிவந்தன. அதற்குமுன் தமிழுலகம் பெரிதும் அறிந்திருந்த ஔவை ஆத்திசூடி பாடிய பாட்டியே. அகத்திணையின் சிறந்த புலவர் ஒருவரும், வேந்தர்க்கிடையே தூது சென்ற பெண்மகள் ஒருவரும் ஒரு முறைப்பெயரின் நிழலில் மறைந்துபோயினர். பெயரொப்புமை ஆராய்ச்சி வெறும் எண்ணிக்கை வழக்கன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அகம் பாடிய ஔவையும் புறம் பாடிய ஔவையும் ஒருவரே என்பது எங்ஙனம் துணியப்படும் என வினவலாம். பெயர் ஒன்றாதல் கொண்டு துணிதல் நாம் மறுக்கும் முறையே ஆகும். துணிதற்குரிய சான்று பாடல்களுக்குள்ளேயே உளது. குறுந்தொகை 91 ஆம் பாட்டில் ஔவையார் நெடுந்தேர் அஞ்சியின் போர்முனையிலுள்ள ஊரை உவமையாக எடுத்தாள்கின்றார். அகத்திணைப் பாட்டினுள் தம் புரவலனை வைத்துப் பாடிய இவ்வொரு குறிப்பு அவ்விருவரையும் பிணிக்கின்றது. அகநானூறு 147 இல் வெள்ளிவீதியாரை நினைகின்றார். புறநானூறு 99 இல் பரணர் அதியமானைப் பாடியதைக் கூறுகின்றார். அகநானூறு 303 இல் பாரியின் பறம்பினின்று பறந்துசென்று நெற்கதிர் கொணரும் குருவியினத்தை உவமிக்கின்றார். அஞ்சி, பரணர், வெள்ளிவீதி, பாரி என இங்ஙனம் பின்னிக் கிடக்கும் பெயர்களின் வலையே ஒருவரைக் காலத்திலும் இடத்திலும் நிறுத்துவது. தனித்து நிற்கும் பெயர் எதனையும் நிறுத்தாது.

புரவலனாகிய அதியமானுக்குக் கல்லெழுத்துச் சான்றும் 1981 இல் கிடைத்தது. திருக்கோவலூரை அடுத்த சம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த கல்வெட்டொன்று, சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி எனக் கூறுகின்றது. அசோகன் கல்வெட்டுக்களில் சேர சோழ பாண்டியரோடு ஒப்ப எண்ணப்பெற்ற சதியபுத்திரர் யாவர் என்ற நெடுநாளைய வினாவிற்கு இஃது விடையளித்தது. இக்கல்வெட்டு கி.பி. முதல் நூற்றாண்டினது என்பர் ஐராவதம் மகாதேவன்.

இனிப் பிற்கால நூல்கள். நல்வழியின் இறுதிப் பாட்டு, திருக்குறளோடு மூவர் தமிழையும் கோவையையும் திருவாசகத்தையும் திருமூலர் சொல்லையும் ஒருங்கு எண்ணுகின்றது. மாணிக்கவாசகர்க்குப் பிற்பட்ட ஒருவரே இதனைப் பாடியிருத்தல் கூடும். மூதுரையும் நல்வழியும் யானைமுகக் கடவுள் வாழ்த்தோடு தொடங்குகின்றன. அக்கடவுள் வழிபாடு சங்கத்தொகை நூல்களில் யாண்டும் இல்லை. மொழிநடையும் யாப்பும் இதற்கு அரணாவன, விரிப்பிற் பெருகும். விநாயகர் அகவலும், வீட்டுநெறிப்பால் திருவருட்பால் தன்பால் என்னும் முப்பகுப்பில் 310 குறள்வெண்பாக்களால் அமைந்த ஔவைக் குறளும் யோகநெறி பற்றியன. ஐவேலி அசதி என்பான்மேற் பாடியதாகக் கூறப்படும் அசதிக்கோவையில் சில பாக்களே எஞ்சியுள்ளன. இவையனைத்தையும் சங்ககாலத்து வைத்தல் எவ்வாற்றானும் பொருந்தாது. ஔவையார் இருவர் என்பாரும், மூவர் என்பாரும், அதனினும் மிகுத்து எண்ணுவாரும் உளர்.

எண்ணிக்கையை இப்போதைக்கு நிறுத்தி, ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் எங்ஙனம் ஒன்றையொன்று விழுங்குகின்றன என்பதை அதுவே நன்கு காட்டும்.

பாரி இறந்தபின் அவன் மகளிர் அங்கவை, சங்கவை என்னும் இருவரும் வறுமையுற்று வாழ்ந்தனர் என்றும், மழையில் நனைந்துவந்த ஔவைக்கு அவர் நீலச் சிற்றாடை ஈந்தனர் என்றும், அவ்வன்பிற்கு மகிழ்ந்த ஔவை அவரைக் கோவலூர் மன்னன் தெய்வீகனுக்கு மணம் முடித்தார் என்றும், மூவேந்தரையும் ஓலைபோக்கி அம்மணத்திற்கு வருவித்தார் என்றும் தனிப்பாடல்களும் அவற்றைப் பின்பற்றிய கதைகளும் கூறும். இக்கதை தமிழ்நாட்டில் வேரூன்றிய ஒன்று.

புறநானூறு கூறுவது முற்றும் வேறு. பாரிமகளிரைத் தம் பொறுப்பில் கொண்டவர் கபிலர். அவர் அம்மகளிரை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று, கொள்ளுமாறு வேண்டினார் (200, 201). இருங்கோவேள் மறுத்தபோது அவனை வெகுண்டு பாடினார் (202). 236 ஆம் பாட்டின் கொளு, கபிலர் அவரைப் பார்ப்பாரிடத்துச் சேர்த்துத் தாம் வடக்கிருந்தார் என்கின்றது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் அங்கு இல்லை. பாரிமகளிர் என்பதே வழக்கு. ஔவைக்கு இச்செய்தியில் பங்கே இல்லை.

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு கல்வெட்டு உளது. திருக்கோவலூர் வீரட்டானத்தில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டுப் பகுதியொன்று, கபிலர் பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு அளித்து, பெண்ணையாற்றினிடையே தீப்புகுந்தார் என்றும், அவ்விடம் கபிலக்கல் எனப்பட்டது என்றும் கூறுகின்றது. வடக்கிருத்தல் தீப்புகுதலாயிற்று, பார்ப்பார் மலையர் ஆயினர், இடம் கோவலூர் ஆயிற்று. ஆயினும் மணம் முடித்தவர் கபிலரே. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவலூர் மக்கள் ஔவையை அம்மணத்தோடு இணைத்திலர் என்பது இதனாற் போதரும். ஆகவே ஔவை கபிலரின் இடத்தைக் கைக்கொண்டது அதன் பின்னரே.

அங்ஙனமாயின் ஔவை ஆண்டு வந்தது எங்ஙனம்? வெறுங் கற்பனையென்று தள்ளிவிடுவாரோடு யாம் உடன்படேம். சங்ககால ஔவையார் பாரியை அறிந்து பாடியுள்ளார் (அகம் 303). மூவேந்தர் ஒருங்கிருந்ததைக் கண்டு வாழ்த்தியுள்ளார் (புறம் 367). கோவலூரையும் பாடியுள்ளார், ஆனால் அதியமான் அதனை அழித்த வெற்றியை வியந்து பாடினார் (புறம் 99). பாரி, மூவேந்தர், கோவலூர் என்னும் மூன்று இழைகளும் அவர் பாடல்களில் தனித்தனியே உள்ளன. கதை கட்டினோர் அவற்றை ஒரு மணப்பந்தலில் முடித்துவிட்டனர். இது எம் கருத்தளவையே. எனினும் மூன்று இழைகளும் ஒருங்கு வந்து கூடுதல் தற்செயல் என்று கொள்ளுதல் அரிது. முரண் யாதெனின், கோவலூர்க் கோமான் மலையமான் திருமுடிக்காரியைப் பாடியவர் கபிலர். ஔவையாரோ அக்கோவலூரை அழித்தவனுடைய புலவர். பகைவன் அவைக்களத்துப் புலவரே அவ்வூரின் மணத்தாயாகப் பின்னர்ப் போற்றப்பெற்றார்.

நீலச் சிற்றாடைக்கு நிகரான கொடைகளை எண்ணும் தனிப்பாடல் ஒன்று உண்டு. பாரி தன் பிரிவாற்றாமையால் ஔவையின் கலனைப் பறிக்கச் செய்ததையும், பழையனூர்க் காரி களைக்கொட்டு ஈந்ததையும், சேரமான் வருக என்றழைத்ததையும் அது ஒருங்கு வைத்து எண்ணுகின்றது. சேரமான் அழைத்தது சுந்தரரோடு அவன் கயிலை சென்ற காலத்து என்பது கதை. சங்ககாலப் பாரியும் எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வைக்கப்படும் சேரமான் பெருமாளும் நான்கடி வெண்பாவில் ஒருவர் வாழ்நாளுள் அடங்கிவிட்டனர். சேக்கிழார் வெள்ளானைச் சருக்கத்தில் அக்கயிலைச் செலவை விரித்துரைத்தும் ஔவையைக் குறித்திலர். அவர் அக்கதையை அறிந்திருந்து விட்டனர் என்பதினும், அஃது அவர்க்குப் பின் எழுந்தது என்றல் பொருத்தமாகும்.

கபிலரகவல் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த மக்கள் எழுவர் என்று கூறும் அந்நூல், உப்பை, உறுவை, வள்ளி என்பாரோடு ஔவை, அதிகமான், கபிலர், வள்ளுவர் ஆகியோரை உடன்பிறந்தார் ஆக்குகின்றது. புறநானூற்றில் புரவலனும் புலவரும் ஆயினார் இங்கே உடன்பிறந்தார் ஆகின்றனர். நெல்லிக்கனியின் நட்பைக் குருதியுறவாக மாற்றினாலன்றிப் பிற்காலத்தார் உள்ளம் அமைதியுறவில்லை போலும். சாதிவேறுபாட்டைக் கடியும் அந்நூலின் நோக்கத்திற்கு இவ்வுறவு வேண்டியிருந்தது என்பதும் உண்மையே. நூலின் சிறப்பு வேறு, அதன் வரலாற்றுத் தகுதி வேறு. இக்கதையை மெய்வரலாறாகக் கொண்டு புலவர் வரலாறு எழுதப்பட்ட காலமும் உண்டு. 1953 இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ஔவையார் திரைப்படமும் வெவ்வேறு காலத்துக் கதைகளை ஒருவர்மேல் ஏற்றியதே.

அதியமான் என்னும் பெயரும் இக்கலப்பிற்குத் துணை புரிந்தது. அதுவும் ஒருவர் பெயரன்று, குடிப்பெயர். அஞ்சிக்கு ஓராயிரம் ஆண்டின் பின்னரும் தகடூரில் அதியமான்கள் இருந்தனர். அக்குடியினனாகிய விடுகாதழகிய பெருமாள் என்பான், தன் முன்னோன் எழினி அமைத்த இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுக்கியதாகத் திருமலைக் கல்வெட்டுக் கூறுகின்றது. சோழர் காலத்து மக்களுக்கு அதியமான் என்பது பழங்கதைப் பெயராக மட்டும் இருந்திலது. கண்முன் ஆண்ட குறுநில மன்னர் பெயராகவும் இருந்தது. ஓரதியமான் நிலைத்திருக்க, அவனோடு ஓர் ஔவையும் நிலைத்திருத்தல் அவர்க்கு எளிதாகவே தோன்றியிருக்கும்.

இதுகாறும் கூறியவற்றால், பெயர் ஒன்றாயின் ஆளும் ஒன்று எனக் கொண்டோர் பிழை புலனாகும். இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. பட்டமேற்படிப்பு மாணவர் இந்நாளில் வீழ்வது பெரும்பாலும் அதிலேயே. நூலுக்கொரு பொருள் கண்டு, பொருளுக்கொரு புலவரைப் படைத்துவிடுகின்றனர். நீதி பாடியவர் ஒருவர், யோகம் பாடியவர் மற்றொருவர், கோவை பாடியவர் வேறொருவர் என அடுக்குதல் எளிது. அவ்வளவையைப் பாரதியார்மேற் செலுத்தினால் புதிய ஆத்திசூடி பாடியவரையும் குயில்பாட்டுப் பாடியவரையும் இருவராக்க வேண்டிவரும். பொருள் வேறுபாடு ஆள் வேறுபாட்டைக் காட்டாது. காலத்தை வரையறுக்கும் அகச்சான்று வேண்டும். அல்லது குறுந்தொகை 91 இல் கண்டதுபோலப் பிணிக்கும் பெயர் வேண்டும்.

இவ்வளவையால் நோக்க, சங்ககால ஔவையார் வேறு, நல்வழி பாடிய ஔவையார் வேறு என்பது ஐயமற்றது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் நல்வழி ஆசிரியர் ஒருவருடையனவே என்பது மரபு. அதனை மறுக்கும் வலிய சான்று எமக்குத் தோன்றவில்லை. விநாயகர் அகவலும் ஔவைக் குறளும் ஒருவர் வாக்காகலாம் என்பதற்கு அவ்விரண்டும் யோகப் பொருளைக் கூறுதல் போதாது. திருமந்திரக் கொள்கையைக் கற்ற எவரும் அதனைக் கூறக்கூடும். அவற்றின் ஆசிரியர் நல்வழி ஆசிரியரின் வேறோ எனின், திருமூலர் சொல்லை நல்வழி ஆசிரியர் தாமே போற்றியிருத்தலின் எளிதில் வேறென்றலும் ஆகாது. ஏட்டுச் சுவடிகளின் தொடக்கத்தும் இறுதியிலும் எழுதினோர் இட்ட குறிப்புக்களை நூல்தொறும் ஒப்புநோக்கி, ஔவை என்னும் பெயர் எந்நூலோடு எச்சுவடியில் முதற்கண் இணைகின்றது என்று பட்டியலிட்டாலன்றி இவ்வினா மேற்செல்லாது.